தீயின் வேலையைக் குறைக்கும் காற்று

கனலும் கரியின் மேல் ஊதினால் அது செக்கச்செவேலென்று சிவக்கிறது. அதே மூச்சைச் சூடான காபியின் மேல் விட்டால் காபி ஆறுகிறது. தீக்குச்சியின் மேல் விட்டால் சுடர் அணைந்தே போகிறது. மூன்றிலும் பட்டது ஒரே காற்றுதான். அப்படியானால் காற்று தீயை வளர்க்கிறதா, குளிர்விக்கிறதா?

எப்போதும் இரண்டையும் சேர்த்தே செய்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் தீக்குத் தீனி. காற்றின் குளிர்ச்சியோ தீக்கு இடைஞ்சல். உள்ளே வரும் காற்று முழுவதையும் சூடேற்றிய பிறகுதான் தீ மற்ற வேலையைப் பார்க்க முடியும். கரிக்கட்டை தனக்குள் நிறைய வெப்பத்தைத் தேக்கி வைத்திருப்பதால் அங்கே தீனியின் பலன் மேலோங்குகிறது. தீக்குச்சியின் சுடரில் அந்தத் தேக்கம் இல்லை, குளிர்ச்சி வென்றுவிடுகிறது.

தொழிற்சாலைக் கொதிகலனுக்குள்ளும் இந்த இழுபறி இரவு பகலாக நடக்கிறது. பாய்லர் என்று எல்லோரும் சொல்லும் அந்த இயந்திரத்தில் எரிபொருள் செலவைக் குறைக்க வேண்டுமானால், தீக்குத் தீனியைக் கொடுத்துக்கொண்டே குளிர்ச்சியை மட்டும் எடுத்துவிட வேண்டும். அதற்கு வேண்டிய வெப்பம் புகைபோக்கியின் வழியே சும்மா போய்க்கொண்டிருக்கிறது.

எடை போட்டுப் பார்த்தால்

கொதிகலன் என்றதும் நிலக்கரி, எண்ணெய், விறகு, கரும்புச் சக்கை என்று எரிபொருளைத்தான் நினைக்கிறோம். காசு கொடுத்து வாங்குவது அதைத்தானே! காற்று இலவசம் என்பதால் கணக்கில் வருவதில்லை. எடை போட்டால் நிலைமை தலைகீழ்.

ஒரு கிலோ ஃபர்னஸ் ஆயில் முழுமையாக எரிய ஏறக்குறைய 14 கிலோ காற்று வேண்டும். சரியாக 14 கிலோவை மட்டும் விட்டால், எண்ணெய்த் துளிகள் எல்லாவற்றுக்கும் ஆக்சிஜன் போய்ச் சேராது. கரியும் கார்பன் மோனாக்சைடும் மிஞ்சும். எனவே கொஞ்சம் தாராளமாகவே விடுவார்கள். இந்தக் கூடுதல் பங்குக்கு மிகைக்காற்று என்று பெயர். 20 சதவீத மிகைக்காற்றோடு கணக்கிட்டால் கிலோ எண்ணெய்க்கு 17 கிலோ காற்று வருகிறது. அதில் ஆக்சிஜன் எடையில் கால்பங்குகூட இல்லை, 23 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி, ஏறக்குறைய 13 கிலோ, நைட்ரஜன். எரிதலில் அதற்குப் பங்கே இல்லை எனலாம். 30 டிகிரியில் (இங்கே சொல்வதெல்லாம் செல்சியஸ்) உள்ளே வந்து, தீயின் செலவில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாகி, அதில் பெரும்பகுதியை நீர்க்குழாய்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சச் சூட்டோடு வெளியேறுகிறது.

ஒரு கிலோ எண்ணெயும் 17 கிலோ காற்றும் சேர்ந்து 18 கிலோ புகைவாயு ஆகின்றன. இந்தப் புகைவாயு ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடேற்ற ஏறக்குறைய கால் கிலோகலோரி வேண்டும். 18 கிலோவுக்கு நாலரை. ஆகவே புகைவாயு 22 டிகிரி கூடுதல் சூட்டோடு வெளியேறினால் 100 கிலோகலோரி இழப்பு. ஒரு கிலோ எண்ணெய் தருவது ஏறக்குறைய 10,000 கிலோகலோரி. அதில் நூறு என்பது ஒரு சதவீதம். புகை 22 டிகிரி குளிர்ந்தால் எரிபொருளில் ஒரு சதவீதம் மிச்சம் என்று பாய்லர்காரர்கள் சொல்லும் கணக்கு இப்படிப் பிறந்ததுதான். எரிபொருளும் மிகைக்காற்றும் மாறினால் 22 என்பது கொஞ்சம் முன்பின் மாறும், அவ்வளவே.

புகையை ஏன் முழுக்க ஆறவிட முடியவில்லை?

புகையில் சூடு மிஞ்சியிருந்தால் இன்னும் நாலு வரிசை நீர்க்குழாய்களைக் குறுக்கே வைத்து அதையும் உறிஞ்சிவிடலாமே என்று தோன்றும். ஓர் எல்லை வரைதான் அது நடக்கும். வெப்பம் சூடானதிலிருந்து குளிர்ந்ததற்குத்தான் தானாகப் போகும். கொதிகலனில் நீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. வளிமண்டலத்தைப் போலப் பத்து மடங்கு அழுத்தத்தில் அது கொதிப்பது 180 டிகிரியில். அந்த நீரைத் தொட்டுக்கொண்டு போகும் புகை எத்தனை குழாய்களைக் கடந்தாலும் 180-க்குக் கீழே இறங்காது. 180-ஐ நெருங்க நெருங்க வெப்பம் கைமாறும் வேகமும் குறையும். பத்து டிகிரி இறக்கவே ஏராளமான குழாய் வேண்டியிருக்கும். ஆகவே 220, 230 டிகிரியோடு விட்டுவிடுகிறார்கள்.

புகையை மேலும் குளிர்விக்க, கொதிக்கும் நீரைவிடக் குளிர்ந்த ஒரு பொருள் வேண்டும். கொதிகலனுக்குள் அப்படி நுழைபவை இரண்டு. ஒன்று, புதிதாக ஊட்டப்படும் நீர். இங்கிலாந்தின் வேக்ஃபீல்டைச் சேர்ந்த எட்வர்ட் கிரீன் 1845-இல் காப்புரிமை பெற்ற ‘எக்கனாமைசர்’ இந்த ஊட்டுநீரைப் புகையால் சூடேற்றுகிறது. அதே பெயரில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இரண்டாவது, எரிதலுக்கு உள்ளே வரும் காற்று.

அனல்மின் நிலையத்தில் ஊட்டுநீரால் ஓரளவுக்கு மேல் உதவ முடியாது. அங்கே டர்பைனிலிருந்து கொஞ்சம் நீராவியை இடையிலேயே பிரித்து, ஊட்டுநீரை முன்கூட்டியே 240, 250 டிகிரிக்குச் சூடேற்றிவிடுகிறார்கள். அந்த நீர் எக்கனாமைசருக்குள் போனாலும் புகை 340 டிகிரி அளவில்தான் வெளியே வருகிறது. அந்தப் புகையிடம் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் அளவுக்குக் குளிர்ந்த பொருள் காற்று மட்டும்தான். எரிதலுக்குப் போகும் காற்றை இப்படிப் புகையால் சூடேற்றும் கருவியே காற்று முன்சூடேற்றி. மின்நிலையத்தார் ‘ஏர் ப்ரீஹீட்டர்’ என்பார்கள்.

இதிலுள்ள சூட்சுமம் இதுதான். 230 டிகிரிப் புகையில் மிஞ்சிய வெப்பம் தரம் குறைந்தது. நேரடியாக அதைக் கொண்டு உயரழுத்த நீராவி எடுக்க முடியாது. அதே வெப்பத்தைக் காற்றின் மேல் ஏற்றி உலைக்குள் அனுப்பினால், எரிபொருள் தன் வேலையை 30 டிகிரியிலிருந்து தொடங்க வேண்டாம், 100-லிருந்து தொடங்கலாம். முதல் 70 டிகிரிக்குச் செலவாகியிருக்கும் எண்ணெய் மிச்சம். தனியே நின்றால் விலைபோகாத வெப்பம், தீயின் வாசலில் வைத்தால் எரிபொருளின் விலைக்கே போகிறது. சுடரும் முன்பைவிடச் சூடாக எரியும். உலைச் சுவர்க் குழாய்களுக்குக் கதிர்வீச்சாகப் போகும் வெப்பமும் கூடும்.

குளிர்காலம் கற்பித்த தவறான பாடம்

சூடான காற்று நல்லது என்பது இன்று கேட்டால் பளிச்சென்று விளங்குகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இரும்பு உருக்கியவர்கள் நேர்மாறாக நம்பினார்கள், அதுவும் கண்ணால் கண்ட ஆதாரத்தோடு. ஊது உலைகள் கோடையைவிடக் குளிர்காலத்தில் நன்றாக வேலை செய்தன. குளிர்ந்த காற்றுதான் காரணம் என்று முடிவுகட்டி, காற்றுக் கலங்களுக்கு வெள்ளையடித்தார்கள். காற்றைக் குளிர்நீரின் மேல் செலுத்தினார்கள். குழாய்களைச் சுற்றிப் பனிக்கட்டி வைத்தவர்களும் உண்டு.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர எரிவாயு நிலையத்தில் மேலாளராக இருந்த ஜேம்ஸ் போமான்ட் நீல்சன் இதைச் சோதித்துப் பார்த்தார். காற்றைச் சூடேற்றிக் கொடுத்தபோது எரிவாயு விளக்கு கூடுதல் வெளிச்சம் தந்தது. கொல்லுலைத் தீயும் தீவிரமானது. 1828-இல் காப்புரிமை பெற்றார். கிளைடு இரும்பாலையில் பெரிய அளவில் செய்து பார்த்த கணக்குகள் பதிவாகியுள்ளன. 1829-இல் குளிர்ந்த காற்றோடு ஒரு டன் வார்ப்பிரும்பு எடுக்க 8 டன் நிலக்கரி செலவானது. மறு ஆண்டு காற்றை 150 டிகிரிக்குச் சூடாக்கியபோது 5 டன்னுக்குச் சற்று மேல் போதுமாக இருந்தது. 1833-இல் 315 டிகிரி. செலவு இரண்டேகால் டன். இந்தக் கடைசிப் பாய்ச்சல் முழுவதும் சூட்டால் மட்டும் வந்ததில்லை. உலை சூடானதால் நிலக்கரியைக் கோக்காக மாற்றாமல் அப்படியே போட முடிந்தது. கோக்காக்கும்போது வீணாவதும் மிச்சமானது.

குளிர்காலத்தில் உலை நன்றாக ஓடியது ஏன்? குளிர்காலக் காற்றில் ஈரப்பதம் குறைவு. நீராவி சுடுகரியோடு வினைபுரியும்போது வெப்பத்தை விழுங்கும். ஈரம் குறைந்தால் அந்த இழப்பும் குறைகிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானதும்கூட; ஊதுகருவி ஒவ்வொரு முறையும் கூடுதல் ஆக்சிஜனைத் தள்ளும். பார்த்தது உண்மை, கற்பித்த காரணம் தவறு. குளிர்ச்சி, ஈரம், அடர்த்தி மூன்றும் சேர்ந்தே மாறும் பருவகாலத்தை வைத்துக்கொண்டு எது காரணம் என்று பிரித்தறிய முடியாது. நீல்சன் வெப்பத்தை மட்டும் தனியே மாற்றிப் பார்த்ததால்தான் விடை கிடைத்தது.

நீல்சன் காற்றைச் சூடேற்றியது தனியாகக் கரி எரித்துத்தான். அப்போதும் ஆதாயம் இருந்தது. வெளியேறும் வாயுவின் வெப்பத்தாலேயே உள்வரும் காற்றைச் சூடேற்றும் முறையை உலைகளில் நிலைநாட்டியவர்கள் ஜெர்மனியில் பிறந்த சீமென்ஸ் சகோதரர்கள். ஃபிரீட்ரிஷ் சீமென்ஸ் 1856-இல் காப்புரிமை பெற்றார். செங்கல் அடுக்கிய அறைக்குள் சூடான வாயுவைச் செலுத்திச் செங்கலைச் சூடாக்குவது, பிறகு வாயுவைத் திருப்பிவிட்டு அதே அறை வழியே காற்றை இழுப்பது என்பது அவர் முறை. கண்ணாடி உலைகளில் இன்றும் இதே முறைதான். காற்று அங்கே 1,000 டிகிரிக்கு மேல் சூடாகிறது. உலை எவ்வளவு சூடாக வேலை செய்கிறதோ அவ்வளவு வெப்பம் புகையோடு போகும். திரும்பப் பெறுவதும் அவ்வளவு கூடும்.

சுவர் வழியும் சேமிப்பு வழியும்

புகையும் காற்றும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் வெப்பம் மட்டும் கைமாற வேண்டும். அதற்கு இரண்டு வழிகள். முதலாவது சுவர் வழி. நூற்றுக்கணக்கான எஃகுக் குழாய்களுக்குள் புகை போகும், வெளியே காற்று போகும். வெப்பம் குழாய்ச் சுவரைக் கடக்கும். சர்க்கரை ஆலைகளிலும் நடுத்தரக் கொதிகலன்களிலும் பார்ப்பது பெரும்பாலும் இதுதான். அசையும் பாகம் இல்லை, கசிவு குறைவு. ஆனால் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது சேமிப்பு வழி. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல்லில் இன்னொரு தோசை வார்க்கலாம் அல்லவா? கல் வெப்பத்தைத் தாங்கி நின்று பிறகு கொடுக்கிறது. சுவீடன் பொறியாளர் ஃபிரெட்ரிக் யுங்ஸ்ட்ரோம் 1920-இல் உருவாக்கிய முன்சூடேற்றி இந்தக் குணத்தைப் பயன்படுத்துகிறது. நெளிவுநெளிவான மெல்லிய எஃகுத் தகடுகளை நெருக்கமாக அடுக்கிய ஒரு பெரிய சக்கரம் நிமிடத்துக்கு ஓரிரு சுற்று என்று மெதுவாகச் சுழலும். அதன் ஒரு பாதி வழியே எந்நேரமும் புகை போகிறது, மறுபாதி வழியே காற்று எதிர்த்திசையில் வருகிறது. புகைப் பக்கம் சூடேறிய தகடு அரைச் சுற்று கழித்துக் காற்றுப் பக்கம் வந்து அதைக் கொட்டிவிடுகிறது. தகட்டின் இரு முகங்களும் வேலை செய்வதால் சிறிய இடத்தில் மிகப் பெரிய பரப்பு கிடைக்கிறது. பத்து மீட்டரையும் தாண்டிய விட்டமுள்ள சக்கரங்கள் அனல்மின் நிலையங்களில் சுழல்கின்றன. பாரத மிகுமின் நிறுவனத்தின் ராணிப்பேட்டை ஆலை இவற்றைத் தயாரிக்கிறது.

பெரிய அனல்மின் நிலையத்தில் 340 டிகிரியில் நுழையும் புகை 140 டிகிரியில் வெளியேறுகிறது. 200 டிகிரி இறக்கம். நம் 22 டிகிரிக் கணக்குப்படி எரிபொருளில் ஏறக்குறைய 9 சதவீதம். 500 மெகாவாட் அலகு ஒன்று இந்திய நிலக்கரியை மணிக்கு 300 டன்னுக்கு மேல் எரிக்கும். அந்தச் சக்கரம் இல்லாவிட்டால் இன்னும் 30 டன் அளவுக்குச் சேர்த்துப் போட வேண்டியிருக்கும்.

புகை 200 டிகிரி இறங்கும்போது காற்று அதைவிடக் கூடுதலாக, ஏறக்குறைய 260 டிகிரி ஏறுகிறது. இதில் மாயம் ஏதும் இல்லை. எரிபொருளும் சேர்ந்திருப்பதால் புகையின் எடை கூடுதல்; டிகிரிக்கு அது தாங்கும் வெப்பமும் சற்றுக் கூடுதல். ஆகவே கனமான புகை ஒரு டிகிரி இழந்தால் லேசான காற்று ஒரு டிகிரிக்கு மேல் ஏறும். இதே காரணத்தால், எவ்வளவு பெரிய முன்சூடேற்றியை வைத்தாலும் காற்று மட்டுமே புகையை முழுக்கக் குளிர்வித்துவிட முடியாது.

ஈரமான எரிபொருளுக்குச் சூடான காற்று சிக்கனம் என்பதையும் தாண்டி அவசியமாகிவிடுகிறது. கரும்புச் சக்கையில் பாதி எடை தண்ணீர். தீப்பிடிப்பதற்கு முன் அது உலர வேண்டும். மின்நிலையத்தில் நிலக்கரியை மாவாக அரைக்கும் ஆலைக்குள் சூடான காற்று போய்த்தான் தூளை உலர்த்தி உலைக்குள் எடுத்துச் செல்கிறது.

எங்கே நிறுத்துவது?

140 டிகிரியோடு ஏன் நிறுத்த வேண்டும்? நிறுத்தச் சொல்வது கந்தகம். எரிபொருளிலுள்ள கந்தகம் எரிந்து கந்தக டைஆக்சைடு ஆகிறது. அதில் ஒரு சிறு பங்கு மேலும் ஆக்சிஜன் ஏற்றுக் கந்தக டிரைஆக்சைடு ஆகிறது. அது புகையிலுள்ள நீராவியோடு சேர்ந்தால் கந்தக அமிலம். ஆவி எந்த வெப்பநிலையில் துளியாகத் தொடங்குகிறதோ அதைப் பனிநிலை என்கிறோம். புகையிலுள்ள வெறும் நீராவி 60 டிகிரிக்குக் கீழேதான் துளியாகும். அமில ஆவி 120 முதல் 150 டிகிரிக்குள்ளேயே உலோகத்தின் மேல் வியர்த்துவிடும். இதுவே அமிலப் பனிநிலை. பிறகு தகடு அரிக்கும். சாம்பல் ஈரத்தில் ஒட்டிப் பிசுக்காகி வழியை அடைக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது புகையின் சூட்டை அல்ல, உலோகத்தின் சூட்டை. 167 டிகிரிப் புகை ஒரு பக்கமும் 30 டிகிரிக் காற்று மறுபக்கமும் தொடும் குழாயின் சுவர் இரண்டுக்கும் நடுவே, 100 டிகிரியை ஒட்டி நிற்கும். புகை அமிலப் பனிநிலைக்கு மேலே இருந்தாலும் சுவர் அதற்குக் கீழே போய்விட்டது. காற்று நுழையும் இந்தக் குளிர்முனைதான் முதலில் அரிபடுகிறது. அங்கே எனாமல் பூசிய தகடுகளையும் அரிமானம் தாங்கும் எஃகையும் வைக்கிறார்கள். இன்னொரு தந்திரமும் உண்டு: காற்றை முன்சூடேற்றிக்கு அனுப்பும் முன்பே நீராவிச் சுருளால் லேசாகச் சூடேற்றிவிடுவது. வெப்பத்தை மிச்சம் பிடிக்க வைத்த கருவியைக் காப்பாற்ற வெப்பத்தைச் செலவிடுவது விசித்திரம்தான். ஆனால் அரித்துப்போன தகட்டை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் கட்டுப்படியாகும்.

சுடர் சூடாவதற்கும் ஒரு விலை உண்டு. 1,500 டிகிரியைத் தாண்டும்போது, அதுவரை சும்மா இருந்த நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேரத் தொடங்கி நைட்ரஜன் ஆக்சைடுகளை வேகமாக உண்டாக்கும். புகைமூட்டத்துக்கும் அமில மழைக்கும் காரணமான மாசு அது. அதைக் கட்டுப்படுத்தும் பர்னர் இல்லாத இடத்தில் காற்றை மேலும் மேலும் சூடேற்றுவது ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதாகும். தட்டின் மேல் விறகோ நிலக்கரியோ எரியும் கொதிகலன்களில் வேறொரு தடை: கீழிருந்து வரும் காற்றுதான் அந்த இரும்புத் தட்டைக் குளிர்வித்துக் காப்பாற்றுகிறது. அங்கே 150, 200 டிகிரிக்கு மேல் காற்றைச் சூடாக்கினால் தட்டே வெந்துவிடும்.

வெப்பமானி சொல்லும் பொய்

முன்சூடேற்றி நன்றாக வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? வெளியேறும் புகையில் ஒரு வெப்பமானியை வைத்து, எண் குறைந்தால் நல்லது என்று எடுத்துக்கொள்ளலாம் என்றே தோன்றும். அங்கேதான் ஏமாறுவார்கள். சுழலும் சக்கரத்தின் ஓரங்களில் அடைப்பான்கள் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் கொஞ்சம் காற்று புகைப் பக்கம் கசியும். காற்று அழுத்தத்தோடு தள்ளப்படுகிறது, புகையோ உறிஞ்சப்படுகிறது. அடைப்பான் தேயத் தேயக் கசிவு கூடும். கசிந்த குளிர்காற்று புகையோடு கலந்தால் வெப்பமானி இறங்கும். சேமிப்பு கூடியதுபோல் தெரியும். உண்மையில் புகை நீர்த்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிப்பது ஆக்சிஜன் அளவி. முன்சூடேற்றிக்குள் நுழையும் புகையில் ஆக்சிஜன் 3.5 சதவீதம், வெளியேறும்போது 5.5 என்று வைத்துக்கொள்வோம். நடுவில் எதுவும் ஆக்சிஜனை உண்டாக்கவில்லை. வெளிக்காற்று கலந்திருந்தால்தான் அது கூட முடியும். கணக்கிட்டால் கசிவு 11, 12 சதவீதம் என்று வரும். வெப்பமானி 138 டிகிரி காட்டினால், கசிவைக் கழித்த புகையின் உண்மைச் சூடு 150. நாம் மிச்சம் என்று நினைத்த 12 டிகிரி கற்பனை. போதாக்குறைக்கு, கசியும் காற்றை வீணே தள்ளவும் இழுக்கவும் விசிறிகள் மின்சாரம் தின்னும்.

எந்த ஆலைக்கு எது?

இயற்கை எரிவாயுவில் ஓடும் சிறிய கொதிகலனுக்குப் பெரும்பாலும் எக்கனாமைசரே பொருத்தம். குளிர்ந்த ஊட்டுநீர் கைவசம் இருக்கிறது, கருவி சிறியது, நைட்ரஜன் ஆக்சைடுத் தொல்லையும் கூடுவதில்லை. ஈரமான எரிபொருளை எரிக்கும் ஆலைக்கும், ஊட்டுநீர் ஏற்கெனவே சூடாக வரும் ஆலைக்கும் காற்று முன்சூடேற்றி. பெரிய கொதிகலன்களில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும்.

ஆனால் எதை வாங்குவதற்கும் முன் செய்ய வேண்டியவை இரண்டு உண்டு, இரண்டும் மலிவானவை. மிகைக்காற்றை அளந்து குறைப்பது. குழாய்களில் படிந்த கரியைத் துடைப்பது. வேண்டாத காற்று குறைந்தால் புகையின் எடை குறையும். குழாய் சுத்தமானால் புகையின் சூடு குறையும். இவற்றைச் செய்யாமல் முன்சூடேற்றியை அளவெடுத்தால், நடந்திருக்கவே வேண்டாத இழப்பை மீட்பதற்காகத் தேவைக்கு மேல் பெரிய கருவிக்குப் பணம் கொடுப்போம். சரிசெய்த பிறகும் மிஞ்சும் வெப்பம்தான் மீட்கத்தக்கது. மணிக்கு ஒரு டன் எண்ணெய் எரிக்கும் கொதிகலனில் அந்த மிச்சத்தைக் கொண்டு காற்றை 30-லிருந்து 100 டிகிரிக்கு உயர்த்தினால் 3 சதவீதம், அதாவது மணிக்கு 30 கிலோ எண்ணெய் மிச்சம். ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓடினால் 180 டன். ஒரு கிலோ எண்ணெய்க்கு 3 கிலோவுக்கு மேல் கார்பன் டைஆக்சைடு என்பதால், காற்றில் கலக்காமல் தப்புவது 540 டன்னுக்கும் மேல்.